பேனாவுக்குப் போட்ட கறுப்புக் கோடு

பட்டியல் போட்டு வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், போடாமல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். சொதப்பல் இரண்டு தரப்பாருக்கும் பொதுதான். எது எதற்குப் பிறகு எது சொதப்பியது என்று பின்னால் வரிசையாகச் சொல்ல பட்டியல்காரர்களால் மட்டும்தான் முடியும். நான் பட்டியல்காரி. அதனால் சிக்கந்தர் பாய் எங்கள் வீட்டுக்கு வந்துபோன அந்த வெள்ளிக்கிழமையை இத்தனை காலம் கழித்தும் என்னால் ஒன்று விடாமல் சொல்ல முடிகிறது. மறந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டில் இருப்பவர்கள் விடுவதாக இல்லை.

முதலில் என்னைப் பற்றி. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். (உத்தரவுத் தாளில் அப்படித்தான் இருந்தது. கம்பெனிக்குள் என் பெயர் 'சேப்டி புள்ள'.) யாராவது செல்போனோடு உள்ளே போகிறார்களா, உடம்பில் ஏறிய மின்னூட்டம் இறங்க வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் அறைக்குள் நுழைகிறார்களா, ஓர் அறையில் இருக்க வேண்டிய ஆட்களுக்கு மேல் ஒருவர் வந்து உட்கார்ந்து கதை பேசுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாரம் ஒருநாள் எல்லாரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்து வகுப்பு எடுக்க வேண்டும்.

வகுப்பில் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இவ்வளவுதான். புகையைப் பார்த்தவர் 'புகை' என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் மண் வாளி இருந்தால் ஒரே ஒரு வீச்சு. எட்டாவிட்டால் அதுவும் வேண்டாம். எதையும் எடுக்காமல், திரும்பிப் பார்க்காமல், ஓடாமல் வேகமாக நடந்து வெளியேற வேண்டும். எல்லாரும் ஓரிடத்தில் கூடி ஆள் எண்ண வேண்டும். எண்ணி முடித்த பிறகும் யாரும் உள்ளே போகக் கூடாது.

என் அம்மா அதே கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். அக்கா காளீஸ்வரியும் கல்யாணத்துக்கு முன்பு அங்கேதான் வேலை பார்த்தாள். எங்கள் தெருவில் பாதிப் பேர் அந்த வேப்பமரத்தடி மாணவர்கள். பெற்ற மகள்தானே என்று அம்மா ஒருநாளும் அலட்சியமாக உட்கார்ந்ததில்லை. முதல் வரிசை. கேள்வி கேட்டால் முதலில் தூக்கும் கை.

"திரும்பிப் பாத்தா என்ன ஆகும்?" என்று நான் கேட்பேன்.

"ஒரு எட்டு கொறைஞ்சு போகும், டீச்சர்" என்பாள் அம்மா.

(சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் டீச்சர் பதவி போய்விடும். "ஏ முத்து, தட்டக் களுவி வை" என்று ஆகிவிடும்.)

பேனா செய்வது எனக்கு இடையில் வந்து ஒட்டிக்கொண்ட பைத்தியம். கோயம்புத்தூரில் பயிற்சியில் இருந்தபோது பக்கத்துப் பட்டறையில் ஒருவர் லேத்தில் மரப்பேனா கடைவதைப் பார்த்தேன். மூலையில் கிடந்த ஒரு துண்டுக் கட்டை அவர் கையில் பத்து நிமிடத்தில் சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் பொருளாக மாறியது. மூன்றாண்டுப் படிப்பில் எந்த இயந்திரமும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷத்தைக் காட்டவில்லை. ஊருக்குத் திரும்பி, சம்பளத்தைச் சேர்த்து, தையல் மெஷின் அளவில் ஒரு சின்ன லேத் வாங்கி எங்கள் வீட்டு முன்னறையில் போட்டேன்.

மரத்துக்கு அலைய வேண்டியதில்லை. எங்கள் பக்கம் எங்கே திரும்பினாலும் சீமைக்கருவேலம்தான். காய்ந்த கட்டையை விரல் நீளத்துக்குச் சதுரமாக நறுக்கி, நடுவில் துளை போட்டு, துளைக்குள் பித்தளைக் குழாயைப் பசை தடவி இறக்கி, லேத்தில் மாட்டிச் சுழலவிட்டு உளியை வைத்தால், சிராய் பறந்து பறந்து உள்ளேயிருந்து செந்தேன் நிறத்தில் வரியோடிய உருளை ஒன்று வெளியே வரும். அப்புறம் உப்புத்தாள், அப்புறம் அரக்குப் பாலிஷ், கடைசியாக முனையும் ரீஃபிலும் கிளிப்பும். பேனா தயார்.

அம்மா இதே விஷயத்தை வேறு மாதிரிச் சொல்வாள். "ஊரே அடுப்பெரிக்க வெட்டிட்டுப் போற விறகை இவ சீவிச் சீவி பேனாங்கா. சீவுன தூசிய நான் கூட்டுறேன்."

விற்பனை என்று பார்த்தால், வாங்கியவர்கள் எல்லாரும் சொந்தக்காரர்கள். பெரியப்பா இரண்டு வாங்கினார். அவர் பேனாவைத் தொடுவதே ரேஷன் கடையில் கையெழுத்துப் போடத்தான். அத்தை ஒன்று வாங்கிக்கொண்டு, "பாவம், படிச்ச புள்ள" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். பரிதாபத்தில் நடக்கும் வியாபாரத்துக்கு ஒரு வசதி உண்டு, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு சங்கடமும் உண்டு, சொந்தம் தீர்ந்ததும் வியாபாரமும் தீர்ந்துவிடும்.

இந்த நிலையில்தான் அக்கா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீட்டில் காற்று வரும் அறை முன்னறை ஒன்றுதான். அதில் லேத். மரத்தூசி பட்டால் அக்காவுக்குத் தும்மல் நிற்காது. அம்மா சண்டை போடவில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டே தீர்ப்பைச் சொன்னாள்.

"சொந்தக்காரக வாங்குனதுல்லாம் கணக்குல சேராது. வெளியாள் ஒருத்தர் ஆர்டர் குடுக்கட்டும், பின்னால இருக்குற கொட்டகைக்குக் கரண்டு இளுத்துத் தாரேன். அங்கன போயி விடிய விடிய சீவு. இந்த மாசம் முடியறதுக்குள்ள ஆர்டர் வரலைன்னா மெஷின வந்த விலைக்குக் குடுத்திரு. பச்சப்புள்ள வரப்போற வீடு."

நியாயமான தீர்ப்பு. பின்கொட்டகை முன்பு தீக்குச்சி அடுக்கப் பயன்பட்ட இடம். நல்ல இடம்தான். அங்கே போய்ச் சேர எனக்கு ஒரே ஒரு வெளியாள் தேவைப்பட்டார்.

அந்த வெளியாளைக் கொண்டுவந்தது அப்பா. அவர் ஓட்டுவது குட்டியானை லோடு வண்டி. விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருக்கும் சிக்கந்தர் பாய்க்கு அடிக்கடி மிளகாய் மூட்டை இறக்குவார். ஒருநாள் லோடு இறக்கிவிட்டுக் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்திருக்கிறார்.

"இது எங்கன வாங்குனது?" என்று பாய் கேட்டிருக்கிறார்.

"சின்ன மக செஞ்சது பாய்."

"செஞ்சதா, வாங்கிட்டு வந்து செஞ்சதுன்னு சொல்றதா?"

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வந்து பாருங்க, கண்ணு முன்னால செஞ்சு காட்டுவா" என்று சொல்லிவிட்டார். பாய் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. வருகிற பெரியவர்களுக்கு ஆளுக்கொரு பேனா, பதிவேட்டில் கையெழுத்துப் போடத் தனியாக ஒரு பேனா என்று அவர் மனதில் ஓர் எண்ணம் இருந்ததாம். ஆனால் மிளகாயை ஒடித்து மோந்து பார்க்காமல் மூட்டை வாங்காத மனிதர் அவர். பேனா விஷயத்திலும் அதே கொள்கை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

நான் பட்டியல் போட்டேன். கரண்டு போனால் என்ன செய்வது. பாய்க்குச் சர்க்கரை இருந்தால் டீ எப்படி. மரத்தூசி பட்டுவிடாமல் அவருக்கு ஒரு முகமூடி. தும்மும் அக்கா சமையலறைக்கு. அம்மா 'விறகு' என்ற சொல்லை உச்சரிக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அப்பாவுக்கு. எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தேன்.

யோசிக்காதது வானத்தை. அன்று காலையிலிருந்தே மூடாப்பு. மருந்து ஈரம் பிடிக்கும் என்று கம்பெனிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள். அதாவது என் வகுப்பு மாணவர்கள் முழுப் பேரும் அன்று தெருவில் அவரவர் வீட்டில் இருந்தார்கள். அப்போது இது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

பாய் வந்தார். பளீரென்று வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, அத்தர் வாசம். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க பாய், உக்காருங்க. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா இருக்காகளா?"

"இருக்காக தாயி. பிள்ளைக்குக் கல்யாணம் வச்சா வீட்டுல யாரு சௌக்கியமா இருக்க முடியும்? இருக்காக."

அம்மா டீ கொடுத்துவிட்டு சமையலறை வாசலில் நின்றுகொண்டாள். அக்கா அவளுக்குப் பின்னால். அப்பா சுவரோரம். பாய்க்கு முகமூடியைக் கொடுத்துவிட்டு நான் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டி, லேத்தை ஓட விட்டேன். பக்கத்தில் மண் வாளி. (அதை அங்கே வைத்தது நான்தான். உத்தியோக புத்தி.)

சொன்னால் தற்பெருமையாக இருக்கும், கடைசல் அன்று அருமையாக வந்தது. உளி வைத்த இடத்தில் சிராய் நூல் போலச் சுருண்டு விழுந்தது. உப்புத்தாள் போட்டேன். அரக்குப் பாலிஷைத் துணியில் தொட்டு ஒரு பூச்சுக் கொடுத்தேன். கருவேலம் அல்வாத் துண்டு போலப் பளபளத்தது. பெருமையோடு திரும்பிப் பார்த்தேன். பாய் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

(நிக்காஹ் தேதி என்ன கிழமை என்று பார்த்தாராம். இது எனக்குத் தெரிந்தது ரொம்பப் பிந்தி.)

அந்த நிமிடத்தில் எனக்கு அவர் கண்ணில் சலிப்பு தெரிந்தது. ஆர்டர் கைநழுவுவது தெரிந்தது. லேத்தை யாரோ குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போவது வரைக்கும் தெரிந்தது. பட்டியலில் இல்லாத ஒன்றைச் செய்தேன்.

மரப்பேனாவில் கறுப்புக் கோடு போடுவது ஒரு நல்ல வேலைப்பாடு. மை கிடையாது, பெயின்ட் கிடையாது. சுழலும் மரத்தின் மேல் மெல்லிய கம்பியை அழுத்திப் பிடித்தால், உராயும் சூட்டில் அந்த இடம் மட்டும் கருகி, வளையம் போலக் கோடு விழும். கொஞ்சம் புகை வரும். கோயம்புத்தூரில் கற்றுக்கொண்டது, வீட்டில் அதுவரை செய்ததில்லை. இரண்டு பக்கமும் கட்டைப் பிடி போட்ட கம்பியை எடுத்து, "இப்பப் பாருங்க பாய்" என்றேன்.

கோட்டைப் பாலிஷுக்கு முன்னால் போட வேண்டும். நான் பாலிஷுக்குப் பின்னால் போட்டேன். பாய் பார்க்க வேண்டுமே என்று, அழுத்த வேண்டிய நேரத்தைவிட ரொம்பக் கூடுதலாக அழுத்தினேன். அரக்கு கருகியது. உள்ளே குழாயை ஒட்டியிருந்த பசையும் சூடேறி, மூக்குக்குள் ஊசி ஏற்றுவதுபோல ஒரு நெடியை விட்டது. கொஞ்சம் புகை என்றேன் அல்லவா, வந்தது தாராளமான புகை. சாம்பல் நிறத்தில் உருண்டு திரண்டு உத்தரத்தைத் தொட்டது.

பாய் இப்போது காலண்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் சிரிக்க வாயெடுத்தேன்.

"புகை" என்றாள் அம்மா.

அலறல் இல்லை. நான் சொல்லிக்கொடுத்தபடி, தெளிவாக, ஒரே ஒரு தடவை. சொன்ன கையோடு இரண்டு எட்டில் வந்து மண் வாளியைத் தூக்கி ஒரே வீச்சு. வேகமாகச் சுழன்றுகொண்டிருந்த லேத் அந்த மண்ணை வாங்கி அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி அடித்தது. எதிர்ப்பக்கம் பாய். வாளியின் விளிம்பு பட்டுப் பாலிஷ் பாட்டிலும் அவர் சட்டை மேல் சாய்ந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதுதானே விதி. வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வெளியேறினாள். அவளுக்கு முன்னால், வந்த நாளிலிருந்து நாற்காலியிலிருந்து எழும்பவே கை கொடுக்கச் சொல்லும் அக்கா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு யாருடைய உதவியும் இல்லாமல் வெளியேறியிருந்தாள். அப்பா அக்காவின் பின்னால்.

இனி நான். மரம் கருகுகிறது என்று தெரிந்தவள். கருக்கியவள். அந்த வீட்டில் ஒரு பொட்டு வெடிமருந்து கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போடக்கூடியவள். கம்பியைக் கீழே போட்டேன், லேத்தை ஓடவிட்டபடியே திரும்பிப் பார்க்காமல் வெளியேறினேன். நான் உண்டாக்கிய புகையிலிருந்து என் உயிரை நானே வெற்றிகரமாகக் காப்பாற்றிக்கொண்டேன்.

தெருமுனையில் குடிதண்ணீர்த் தொட்டி. யாரும் யாரிடமும் சொல்லாமல் நாங்கள் போய் நின்ற இடம் அதுதான். நான் ஆள் எண்ணினேன். அப்பா, அம்மா, அக்கா, நான். சரியாக இருந்தது. உண்மையைச் சொன்னால் மனதுக்கு நிறைவாகக்கூட இருந்தது.

அதற்குள் எங்களைப் பார்த்து எதிர்வீடு வெளியே வந்தது. எதிர்வீட்டைப் பார்த்து அடுத்த வீடு. என்ன ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. உலையை அப்படியே விட்டவர்கள், தலையில் பாதி எண்ணெயோடு வந்தவர்கள், எல்லாரும் தொட்டியடியில் வரிசையாகக் கூடி அவரவர் வீட்டு ஆளை எண்ணினார்கள். வகுப்பில் தூங்கி வழியும் மாரியக்காகூட வந்து நின்றார். அவரிடம் நான், "ஓடி வந்தீகளா, நடந்து வந்தீகளா?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை நான் கேட்டதுதான் இன்றைக்கும் என் மனதை உறுத்துகிறது.

"வேகமாத்தான் நடந்தேன்" என்றார் மாரியக்கா. "உங்க வீட்டுல எல்லாம் வந்தாச்சா?"

"வந்தாச்சு. நாலு பேரும் சரியா இருக்கு."

அப்பா மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "முத்து, பாய் எங்கன?"

மறுபடி எண்ணினேன், நாலுதான் வந்தது.

"எந்தப் பாய்?" என்றார் மாரியக்கா.

"ஆர்டர் குடுக்க வந்தவரு" என்று சொல்லிவிட்டு அக்கா கீழே பார்த்தாள்.

நான் வீட்டை நோக்கி ஓட அடியெடுத்து வைத்தேன். மாரியக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். சரவெடி பின்னிப் பின்னி உரமேறிய கை. என்னால் அசைக்க முடியவில்லை.

"எங்க போற?"

"உள்ள ஆள் இருக்காரு, விடுங்கக்கா."

"எண்ணுன பெறகு யாரும் உள்ள போகக் கூடாதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன். இது அந்தப் புகை இல்லக்கா. மரம் கருகுன புகை. நான்தான் போட்டேன்."

"அது உனக்குத் தெரியும். புகைக்குத் தெரியுமா?"

"ஐயோ அக்கா, ஒண்ணும் ஆகாது. பேனாவுக்குக் கோடு போட்டேன்."

"ஒண்ணும் ஆகாதுன்னா நீ எதுக்கு ஓடியாந்த?" என்றார் மாரியக்கா.

அந்தப் பக்கம் ஒரு தம்பி வேறு, "டீச்சரே வெளிய வந்துட்டாகன்னா பெரிசுதான்" என்று யாருக்கோ விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். இன்னும் இரண்டு பெண்கள் வந்து என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் கற்றுக்கொடுத்த ஒவ்வொரு விதியும் தெருவில் அன்று அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கப்பட்டது. மேற்பார்வையிட வந்த அதிகாரிகள் முன்னால் ஒருநாளும் நடக்காத ஒத்திகை, ஒரு வத்தல் வியாபாரியைப் புகைக்குள் விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தது.

அப்போது எங்கள் வீட்டு முன்வாசல் திறந்தது. சிக்கந்தர் பாய் வந்தார். தலையில் மண், புருவத்தில் மண், சட்டையில் நெஞ்சிலிருந்து வயிறு வரைக்கும் தேன் நிறத்தில் பாலிஷ், அதன் மேல் அப்பிய மண். முகமூடி மட்டும் ஒழுங்காக இருந்தது. அதைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, கையிலிருந்த டீயில் கடைசி வாயைக் குடித்தார். தொட்டியடியில் திரண்டு நிற்கும் தெருவை ஒருமுறை பார்த்தார்.

"என்னம்மா, எல்லாரும் சொல்லாமக் கொள்ளாம இங்கன வந்து நிக்கிறீக?"

பாய் தொட்டியடிக்கு வந்து காலி டம்ளரை அம்மாவிடம் நீட்டினார்.

"மெஷினு பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. எந்த சுச்சுன்னு தெரியல. சுவத்துல இருந்ததையெல்லாம் அமத்துனேன். ஃபேன் நின்னுச்சு, லைட்டு நின்னுச்சு, பிரிட்ஜு நின்னுச்சு, கடைசியா இது நின்னுச்சு. போயி பிரிட்ஜப் போட்டுருங்க."

"உங்களுக்கு அந்த நெடி..." என்று இழுத்தேன்.

"நெடியா?" பாய் யோசித்தார். "வத்தல் கெடங்குல இருக்குறவனுக்கு இதெல்லாம் ஒரு நெடியாம்மா. நான் இதுவும் வேலையில ஒரு பகுதின்னுல்ல நெனச்சேன். மண்ணடிக்கிறதும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாய் எங்கள் வீட்டுக்குள் போய் முகம் கழுவி, அப்பாவின் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு புறப்பட்டார். அப்பா ஒல்லி, பாய் அப்படி இல்லை; பொத்தான் ஒன்றுகூடக் காஜாவைப் போய்ச் சேரவில்லை. வண்டியில் ஏறும்போது, "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்லி அனுப்புறேன்மா" என்றார். கலந்துகொண்டு சொல்லி அனுப்புகிறேன் என்றால் எங்கள் ஊர் வியாபாரத்தில் என்ன அர்த்தம் என்பது யாரும் விளக்க வேண்டிய அவசியமில்லாதது.

சாயங்காலம் முழுக்க அக்கா சிரித்தாள். சிரித்துச் சிரித்து இடுப்பு வலிக்கிறது என்று படுத்துவிட்டாள். அப்பா மண்ணைக் கூட்டினார். அம்மா மட்டும் பாயின் சட்டையை வைத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்து சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அரக்கு சோப்புக்குப் போகாது, ஸ்பிரிட்டுக்குத்தான் போகும். பாட்டிலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் துடைத்தோம்.

"நான் சரியாத்தான செஞ்சேன்?" என்றாள் அம்மா.

அந்தக் குரல் வேப்பமரத்தடிக் குரல். அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்தில், திரும்பிப் பார்த்ததால் வெளியே வராமல் போனவர்களின் பெயர்கள் எல்லார் வீட்டிலும் தெரியும். சாப்பாட்டுத் தூக்கை எடுக்கத் திரும்பியவர், செருப்பை மாட்ட நின்றவர். அம்மாவோடு ஒரே பாயில் உட்கார்ந்து சரம் பின்னியவர்கள் அவர்கள். என் ஓட்டத்தை யார் கேலி செய்தாலும் நான் சேர்ந்து சிரிப்பேன். அம்மா வெளியேறியதைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

"எல்லாம் சரிதாம்மா. முழு மார்க்கு."

"பெறகு ஏன் அந்த மனுசன் உள்ள உக்காந்திருந்தாரு?"

"வெளியாள் வந்திருந்தா என்ன செய்யணும்னு நான் வகுப்புல சொல்லவே இல்ல."

அம்மா சட்டையைப் பிழிந்தாள். "வர்ற வாரம் சொல்லிரு" என்றாள்.

சட்டை காய்ந்ததும் அம்மா அதை இஸ்திரி போட்டு மடித்து, அப்பாவின் லோடு வண்டியில் ஏறி விருதுநகருக்குப் புறப்பட்டாள். நான் வருகிறேன் என்றதற்கு, "நீ வராத. உன்னையக் கண்டா மறுபடி ஏதாச்சும் பத்திக்கும்" என்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தவள் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் லேத்தின் ஒவ்வொரு பாகத்தையும் பழைய துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அத எதுக்குப் பிரிச்ச?"

"மாசம் முடியப் போகுதுல்ல."

"மறுபடி மாட்டு. ஆர்டர் வந்திருக்கு."

பாயின் வீட்டில் நடந்ததை அம்மா சொன்னபடியே சொல்கிறேன். பாயின் மனைவிக்கு முதலில் கோபமாம். வந்த மனிதரை அப்படியா விட்டுவிட்டு ஓடுவீர்கள் என்று கேட்டிருக்கிறார். அம்மா உட்கார்ந்து, நாங்கள் ஏன் திரும்பிப் பார்ப்பதில்லை என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, எழுந்துபோய்ச் சாப்பாடு எடுத்து வைத்தாராம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாய் வந்து, "கலந்துக்கிட்டுச் சொல்றேன்னு சொன்னேன்ல, இன்னைக்குத்தான் கலந்தோம், அதுக்குள்ள நீங்களே வந்துட்டீக" என்றாராம். அதாவது அந்த மனிதர் கலந்துகொண்டு சொல்கிறேன் என்றால் உண்மையாகவே கலந்துகொண்டு சொல்கிறவர். கண்ணுக்கு முன்னால் கடைந்ததைப் பார்த்தபோதே முடிவு செய்துவிட்டாராம். மண்ணெல்லாம் அவருக்கு ஒரு கணக்கே இல்லை.

"ஆனா ஒரு கண்டிசன்" என்றாள் அம்மா. "கையெளுத்துப் போடுற பேனாவுல அந்தக் கறுப்புக் கோடு வேணுமாம். கல்யாணப் பொண்ணே கேக்குது. இம்புட்டுப் பாடுபட்டுப் போட்ட கோட்ட எப்படி விட முடியும்னு கேக்குது."

பின்கொட்டகைக்குக் கரண்டு வந்தது. கரண்டோடு அம்மா வேறு சிலதும் செய்தாள். பட்டாசு அறைக்கு எத்தனை வாசல் வேண்டுமோ அத்தனை வாசல் என் கொட்டகைக்கும் வேண்டும் என்று அப்பாவை நிற்கவைத்துச் சுவரை இடித்தாள். இப்போது நாலு பக்கமும் வாசல். ஆடி மாதத்தில் அங்கே உப்புத்தாளை ஒரு கையாலும் பேனாவை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்ய முடியும். சிராய் பக்கத்து வீட்டுச் சோற்றுப் பானை வரைக்கும் போகிறது. கோடு போடும் நாளில் அம்மா முதலில் தெருவுக்குள் ஒரு நடை போய், "இன்னைக்கு எங்க வீட்டுல கோடு போடுறா, யாரும் வெளிய வர வேண்டாம்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டு வருவாள். அதற்குப் பிறகுதான் நான் கம்பியைத் தொடலாம். அவள் சொல்லியும் மாரியக்கா ஒவ்வொரு தடவையும் தொட்டியடிக்கு வந்துவிடுவார். கேட்டால், நம்பிக்கை இல்லாமல் இல்லை, ஒரு காற்று வாங்கத்தான் என்பார்.

நிக்காஹ் நன்றாக நடந்தது. கையெழுத்துப் போட்ட பேனாவைப் பாயின் மகள் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சொல்லி அவள் மாமியார் வீட்டில், அவர்கள் சொல்லி இன்னும் இரண்டு வீட்டில் என்று கல்யாண ஆர்டர்கள் வந்தபடி இருக்கின்றன. எல்லா ஆர்டரும் பாய் வழியாகத்தான் வரும். போனை எடுத்ததும் அவர் பேர் சொல்ல மாட்டார், நலம் விசாரிக்க மாட்டார்.

"முத்து, இன்னும் உள்ளேதாம்மா இருக்கேன்" என்பார்.

ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டேன். அக்கா மகன் போனைப் பிடுங்கி, பாய் தாத்தா எங்கே இருக்கிறார் என்று அவனே பாடம் ஒப்பிக்கிற வயதுக்கு வந்துவிட்டான். இப்போதெல்லாம் நான் மன்னிப்புக் கேட்பதில்லை.

"இருங்க பாய்" என்கிறேன். "முதல்ல எங்க ஆள எண்ணிக்கிறேன்."